ஆபத்து மிகக் குறைவு

மதினியின் போன் கவர் பச்சை நிறம். குற்றாலத்தில் சீசன் தொடங்கியதும் அருவிக்குப் போகும் வழியெங்கும் முளைக்கிற கடைகளில் ஒன்றில் வாங்கியது. மங்குஸ்தானைக் கூறுபோட்டு விற்கிற பெண்ணுக்கும் நேந்திரம் சிப்ஸ் பொரிக்கிற அடுப்புக்கும் நடுவே, ஒரு தார்ப்பாய்க்குக் கீழே வரிசையாகக் கவர்கள் தொங்கின. எந்த மாடலாக இருந்தாலும் சேரும் என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். சேரவில்லை. போனைவிடக் கவர் ஒரு விரற்கடை பெரிதாக இருந்தது. திரும்பப் போய்ச் சண்டை போடலாம் என்றேன், மதினி கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, நாலாக மடித்து, கவருக்கும் போனுக்கும் இடையில் சொருகினாள். "இனி ஆடாது, பாரு" என்று என் முகத்துக்கு நேரே குலுக்கிக் காட்டினாள். அந்தக் கவருக்குள் அந்தப் போன் இருந்தது மொத்தம் ஐந்து நாட்கள்.

மதினி என் அண்ணன் மனைவி, பேச்சில் மைனி. பண்பொழியில் பிறந்தவள், கணக்கில் பட்டம் வாங்கியவள். அண்ணன் சவுதியில் வேலை பார்க்கிறான். வருடத்துக்கு ஒருமுறை விடுப்பில் வருவான், சில வருடங்களில் அதுவும் கிடையாது. தென்காசி வீட்டில் அம்மாவும் மதினியும், அப்போது பாலர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த அவள் மகளும் இருந்தார்கள். மதினி குரூப் நாலு தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். அதற்கென்று தனியாக நேரம் எதுவும் அந்த வீட்டில் அவளுக்கு ஒதுக்கப்படவில்லை. சமையலறையில் அரிசி டிரம்மின் மேல் போனைச் சாய்த்து வைத்து, தேங்காய் துருவிக்கொண்டே வகுப்புகளைக் கேட்பாள். அம்மா உள்ளே வந்தால் போனைக் கவிழ்த்துவிடுவாள். அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லவும் செய்தேன். "சொல்லமாட்டாவ. ஆனா பாத்துட்டே இருப்பாவ" என்றாள் மதினி. அந்த 'பார்ப்பது' என்னவென்று அன்று நான் யோசித்திருந்தால் இந்தக் குறிப்பை எழுத வேண்டி வந்திருக்காது.

ஏனென்றால் யோசிப்பதுதான் என் வேலை. சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் இருந்தேன். அந்த வருடம் நாங்கள் செய்ய இருந்தது இணையவழிக் கணக்கெடுப்பு. கணவன் வெளியூரிலோ வெளிநாட்டிலோ வேலை பார்க்கும் பெண்களுக்கு ஒரு லிங்க் போகும். அதைத் திறந்தால் கேள்விகள் வரும். ஊருக்கு வரும்போது கணவன் எப்படி நடந்துகொள்கிறார், அடித்ததுண்டா, எங்கே போகிறீர்கள் யாரிடம் பேசுகிறீர்கள் என்று தூரத்திலிருந்து கண்காணிக்கிறாரா, அதை யாரிடமாவது சொன்னீர்களா. இப்படிப்பட்ட கேள்விகளை எடுத்துக்கொண்டு சும்மா கிளம்பிவிட முடியாது. முதலில் நெறிமுறைக் குழுவுக்கு ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். பதில் சொல்பவருக்கு இந்த ஆய்வால் என்னென்ன தீங்கு வரலாம், ஒவ்வொன்றும் வர எவ்வளவு வாய்ப்பு, வந்தால் என்ன செய்வீர்கள் என்று கட்டம் கட்டமாகக் கேட்டிருப்பார்கள். அதை நிரப்பும் பொறுப்பு என்னிடம் வந்தது. காரணம், நான் அந்த ஊர்க்காரி.

எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. அறையிலிருந்த மற்றவர்கள் எல்லாம் தென்காசியை வரைபடத்தில் தேடிக்கொண்டிருக்க, நான் மட்டும் அங்கே எந்த வீட்டில் போன் எங்கே சார்ஜ் ஏறும் என்பதுவரை தெரிந்தவளாக உட்கார்ந்திருந்தேன். மன உளைச்சல் வரலாமா? வரலாம், எனவே எந்தக் கேள்வியையும் விட்டுவிட்டுப் போகலாம், கடைசியில் உதவி எண் உண்டு. யாராவது பக்கத்தில் வந்துவிட்டால்? மூலையில் ஒரு பொத்தான் உண்டு, அமுக்கினால் கேள்வித்தாள் மறைந்து மழை நிலவரம் வந்து நிற்கும். அந்த மழை யோசனை என்னுடையது. எங்கள் ஊரில் மழை நிலவரம் பார்ப்பவரை யாரும் சந்தேகப்படமாட்டார்கள் என்றேன், எல்லோரும் சிரித்தார்கள். பெயர் கேட்கமாட்டோம். போன் எண்ணைத் தனிப் பக்கத்தில் வாங்குவோம், அது பதில்களோடு சேராது. எதற்குப் போன் எண் என்றால், நேரம் ஒதுக்கிப் பதில் சொல்கிற பெண்ணுக்கு ஒரு சின்ன நன்றியாவது செய்ய வேண்டாமா? என்ன தரலாம் என்று பேச்சு வந்தது. பணம் அனுப்பினால் வங்கிக் கணக்கில் தெரியும், பொருள் அனுப்பினால் வீட்டில் தெரியும். ரீசார்ஜ் போட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது என்று நான்தான் சொன்னேன். எங்கள் திட்டத் தலைவியான மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "உங்க ஊர்ல இதனால ஒரு பொண்ணுக்குப் பிரச்சினை வருமா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்று கேட்டார். வராது மேடம் என்றேன். 'ஒட்டுமொத்த ஆபத்து' என்ற கட்டத்தில் 'மிகக் குறைவு' என்பதற்கு நேரே குறியிட்டேன்.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் மதினியின் போனுக்கு ரீசார்ஜ் போடுவது அண்ணன்தான். அந்தப் பக்கத்தில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பிய வீடுகளில் எல்லாம் அப்படித்தான். சிம் அவன் பெயரில் இருக்கும், அங்கிருந்தபடியே அவன் போனிலுள்ள ஆப்பில் போடுவான், போட்டுவிட்டுக் கூப்பிட்டு "போட்டாச்சு" என்பான். பல மாதங்களில் அந்த ஒரு சொல்தான் அவன் அவளிடம் ஆசையாகப் பேசுகிற பேச்சு. நானே பலமுறை கேட்டிருக்கிறேன். இன்னும் கொடுமை, எங்கள் கேள்வித்தாளிலேயே அது இருந்தது. 'உங்கள் போனுக்கு ரீசார்ஜ் செய்பவர் யார்? நான், கணவர், வேறொருவர்.' கணவனின் பிடி எவ்வளவு இறுக்கம் என்று அளக்கும் கேள்விகளில் அதுவும் ஒன்று. எழுதியது நான். ஒரு பக்கத்தில் அதைக் கேள்வியாக எழுதிவிட்டு, அடுத்த பக்கத்தில் நாமே ரீசார்ஜ் போடுவோம் என்று எழுதியிருக்கிறேன். இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படித்த என் மண்டையில் ஒன்றும் தட்டவில்லை. பழகிப்போன விஷயம் கண்ணுக்குத் தெரியாது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அந்தச் சமாதானத்தைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

பெரிய கணக்கெடுப்புக்கு முன்னால் ஒன்பது பேரிடம் முன்னோட்டம் பார்ப்பதென்று முடிவாயிற்று. கேள்விகள் புரிகின்றனவா, எவ்வளவு நேரம் பிடிக்கிறது, ரீசார்ஜ் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்கத்தான். ஒன்பதில் ஒருத்தியாக மதினியைக் கேட்டேன். மதினி படித்தவள், குழப்பமிருந்தால் எடுத்துச் சொல்லுவாள் என்று நினைத்தேன். அவள் என்ன பதில் சொல்லுவாள் என்று நினைக்கவே இல்லை. அவளுக்குச் சொல்ல ஏதாவது இருக்கும் என்ற எண்ணமே எனக்குக் கிடையாது, அவள் கணவன் என் அண்ணனாயிற்றே. வீட்டில் வைத்து வேண்டாம், தனிமையான இடம் வேண்டும் என்பது விதி. அம்மாவுக்கு மூட்டுவலி, வரமாட்டாள். பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்தது. மதினியைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனேன்.

நல்ல சாரல். மெயின் அருவியில் பெண்கள் பக்கம் கூட்டம் குறைவாக இருந்தது. மதினி தண்ணீருக்குக் கீழே வெகுநேரம் நின்றாள். நான் இரண்டு முறை வெளியே வந்து மறுபடியும் போனேன், அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு துணி மாற்றிக்கொண்டு, கவர் வாங்கிக்கொண்டு, கூட்டமில்லாத ஒரு டீக்கடையின் பெஞ்சில் உட்கார்ந்தோம். லிங்க் அனுப்பினேன். "அண்ணன்ட்டயும் அம்மாட்டயும் இதப்பத்திச் சொல்லாதீங்க மைனி, கேள்வி ஒரு மாதிரியா இருக்கும். நீங்க என்ன போட்டீங்கன்னு எனக்கே தெரியாது" என்றேன். பிறகு விதிப்படி முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொண்டேன். டீ ஆறிப்போகிற அளவுக்கு நேரம் எடுத்தாள். நடுவில் ஒருமுறை அவள் மூக்கை உறிஞ்சிய சத்தம் கேட்டது, ஈரத்தலையோடு உட்கார்ந்ததால் சளி பிடிக்கிறது என்று நினைத்தேன். முடித்ததும் போனில் டிங் என்று சத்தம். "ஏட்டி, காசு வேற போட்டுட்டாவளே உங்க ஆபீஸ்ல" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ரீசார்ஜ் ஒழுங்காகப் போகிறது என்று என் நோட்டில் எழுதிக்கொண்டேன். மறுநாளே சென்னைக்குக் கிளம்பிவிட்டேன்.

அலுவலகத்தில் முன்னோட்டத்தின் பதில்கள் ஓர் அட்டவணையாக வந்தன. ஒன்பது வரிசை. பெயர் இல்லை, எண் இல்லை, ஊர் இல்லை. ஆனால் ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் எப்போது திறந்தார், எப்போது முடித்தார் என்ற நேரம் இருந்தது. அதை எடுக்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. நானோ குற்றாலத்து டீக்கடையில் எத்தனை மணிக்கு உட்கார்ந்தோம் என்பதை என் கைப்பட எழுதி வைத்திருந்தவள். ஆறாவது வரிசை மதினியுடையது. பார்த்ததும் மூடியிருக்க வேண்டும், மூடவில்லை. கடைசியாகக் கணவர் ஊருக்கு வந்திருந்தபோது அடித்தாரா: ஆம். எத்தனை முறை: பல முறை. காயம் ஏற்பட்டதா: ஆம். யாரிடமாவது சொன்னீர்களா: இல்லை. அந்த விடுப்பில் நானும் நாலு நாள் அந்த வீட்டில் இருந்தேன். அண்ணன் எனக்கு வாசனை சோப்பும் பாதாமும் கொடுத்தான், நான் அவனோடு சேர்ந்து சீட்டு விளையாடினேன். கேள்வித்தாளின் கடைசியில், இந்தக் கேள்விகள் உங்களுக்கு மன வருத்தம் தந்தனவா என்று கேட்டிருந்தோம். இல்லை என்று போட்டிருந்தாள். அதற்குக் கீழே, வேறு ஏதாவது சொல்ல விரும்பினால் எழுதலாம் என்று ஒரு கட்டம் இருந்தது. மற்ற எட்டுப் பேரும் காலியாக விட்டிருந்த அந்தக் கட்டத்தில் மதினி இரண்டே சொல் எழுதியிருந்தாள். 'கேட்டதுக்கு நன்றி.'

அதைப் படித்த அன்று மத்தியானமே அம்மா கூப்பிட்டாள். "ஏட்டி, அன்னைக்கு நீங்க குத்தாலம் போனீங்கள்லா, அங்கன யாரையாச்சும் பாத்தீங்களா?" இல்லையே, ஏன் என்றேன். "உங்க மைனி போனுக்கு யாரோ காசு போட்டுருக்கான்லா. அண்ணனுக்கு அங்க ஆப்புல மெசேஜ் வந்துருக்கு. யாரு போட்டதுன்னு கேட்டா, தெரியலன்னு சொல்லுதா. அவன் அங்கன இருந்து நாளுக்கு நாலு தடவ கூப்பிட்டுக் கேக்கான், இவ தெரியலன்னே சொல்லிட்டிருக்கா." அம்மா குரலைத் தாழ்த்தி, "உனக்கு ஏதாச்சும் தெரிஞ்சா சொல்லிருட்டி" என்றாள். சொல்லாதீங்க மைனி என்று நான் சொன்னதை மதினி அப்படியே காப்பாற்றிக்கொண்டிருந்தாள். சொன்னால் அவள் எழுதியதும் எப்படியாவது அவனிடம் போய்ச் சேரும் என்ற பயமும் இருந்திருக்கும்.

உடனே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்று இதைக் கேட்கிற எவருக்கும் தோன்றும். எந்த உண்மையை? ஆய்வு என்றால், என்ன ஆய்வு என்பான் அண்ணன். லிங்கைக் காட்டு என்பான். கேள்விகளைப் பார்த்தான் என்றால் பதில்களை அவனே ஊகித்துக்கொள்வான். மேடத்திடம் போனேன். மதினி என்று சொல்லவில்லை, பங்கேற்பாளர் ஒருவர் என்றேன். சொல்லும்போதே என் குரல் காட்டிக்கொடுத்துவிட்டது, மேடம் எழுந்து கதவைச் சாத்தினார். யார் பங்கேற்றார் என்பதை நாம் வெளியில் சொல்லக் கூடாது, அந்தப் பெண்ணிடமே கேட்டு அவர் விருப்பப்படி செய்யுங்கள் என்றார். சரியான யோசனை. ஆனால் அந்தப் பெண்ணிடம் கேட்க எனக்கு இருந்த ஒரே வழி அந்தப் போன்தான். கூப்பிட்டபோதெல்லாம் அம்மா எடுத்தாள். இரண்டு நாள் தவித்துவிட்டு, மூன்றாம் நாள் என் சொந்தப் புத்தியில் ஒரு காரியம் செய்தேன். அண்ணனைக் கூப்பிட்டு, "நான்தான்ணே போட்டேன். மைனி பரீட்சைக்குப் படிக்காவல்லா, சும்மா ஆசைக்குப் போட்டேன்" என்றேன். அவனுக்குப் பின்னால் ஏதோ இயந்திரத்தின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. "நீ போட்டேன்னா, அவ ஏன் இத்தன நாளா தெரியாதுன்னு சொல்லுதா?" என்றான். அவனே தொடர்ந்தான். "ஒண்ணு நீ பொய் சொல்லுத, இல்லன்னா அவ பொய் சொல்லுதா. ரெண்டுல எது?"

அன்று மாலையே போன் அம்மாவின் பீரோவுக்குள் போயிற்று. கவரை மட்டும் கழற்றி மதினியிடம் கொடுத்தாளாம் அம்மா, பீரோ லாக்கரில் அது நுழையவில்லை என்று. அதற்குப் பிறகு அண்ணன் பேசினால் அம்மாவின் போனில் ஸ்பீக்கர் போட்டுத்தான் பேசுவான். பண்பொழியிலிருந்து மதினியின் தங்கை கூப்பிட்டாலும் அப்படியே. வகுப்புகள் நின்றன. தேர்வுக்கு விண்ணப்பித்தது அந்த எண்ணில், ஹால் டிக்கெட்டுக்கான செய்தி வந்ததும் அந்த எண்ணுக்கு, பூட்டின பீரோவுக்குள். மதினி அந்தத் தேர்வை எழுதவில்லை, அதற்கடுத்ததையும் எழுதவில்லை. சென்னையில் நாங்கள் இன்னொரு படிவம் நிரப்பினோம். பாதகமான நிகழ்வு ஒன்று. காரணம், சன்மானம் வழங்கிய முறை. திருத்தம், சன்மானம் நீக்கப்பட்டது, நேரப் பதிவும் நீக்கப்பட்டது. முன்னோட்டம் என்பது இப்படிக் கோளாறுகளைக் கண்டுபிடிக்கத்தானே என்று ஒருவர் என்னைத் தேற்றினார். நல்ல மனிதர். பெரிய கணக்கெடுப்பு நல்லபடியாக நடந்தது, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முன்னோட்டப் பதில்களை அறிக்கையில் சேர்ப்பதில்லை என்பது வழக்கம், எனவே ஒன்பது வரிசையையும் அழித்தோம். மதினி வாழ்க்கையில் ஒரே ஒருமுறை வாய் திறந்து சொன்னது எந்தக் கணக்கிலும் ஏறாமல் போயிற்று.

அடுத்த விடுப்பில் அண்ணன் வந்தான். நான் ஊருக்குப் போகவில்லை. வேலை இருக்கிறது என்றேன், பொய். அந்த ஒரு மாதத்தில் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று மதினியிடம் நான் இன்றுவரை கேட்டதில்லை. முன்பின் தெரியாத பெண்களிடம் இதையெல்லாம் கேட்டுச் சம்பளம் வாங்கியவளுக்கு அவளிடம் கேட்க வாய் வரவில்லை. அண்ணனிடமும் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் உனக்கு எப்படித் தெரியும் என்பான், அப்புறம் அடி அவளுக்குத்தான் என்பது என் நியாயம். அது நியாயம்தானா, கோழைத்தனமா என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. மதினி என்னைக் குறை சொன்னதில்லை. ஒருமுறை துணி காயப்போடும்போது மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். கையிலிருந்த சேலையின் ஒரு முனையை என்னிடம் நீட்டி, "புடி, உதறணும்" என்றாள். இரண்டு பேருமாக உதறிக் காயப்போட்டோம். அவ்வளவுதான் அந்தப் பேச்சு.

இந்த வருடச் சாரலில் ஊருக்குப் போயிருந்தபோது ஒரு முற்பகலில், கையில் டேப்லெட்டோடு ஓர் இளம்பெண் வந்தாள். ஏதோ குடும்பநலக் கணக்கெடுப்பு. நன்றாகப் பயிற்சி பெற்றவள், பேச்சிலேயே தெரிந்தது. ரேஷன் கார்டு கேட்டாள். மதினி சமையலறைக்குப் போய் அரிசி டிரம்மின் மேலிருந்து அதை எடுத்து வந்தாள். பச்சைக் கவர். அதில் ரேஷன் கார்டை வைத்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள். வீட்டு விவரங்களைக் கேட்டு முடித்துவிட்டு அந்தப் பெண், "அடுத்த கேள்வியெல்லாம் அக்காட்ட தனியா கேக்கணும்" என்று அம்மாவை முற்றத்துக்கு அனுப்பினாள். என்னையும்தான். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். நிற்கக் கூடாதென்று என்னைவிட யாருக்கும் அதிகம் தெரியாது. கேள்விகள் ஏறக்குறைய எங்களுடையவைதான். கணவர் அடித்ததுண்டா? "இல்ல." மிரட்டியதுண்டா? "இல்ல." காயம்? "இல்ல." யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்ததுண்டா? "இல்ல." காய்கறிக்காரரிடம் இன்றைக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்வாளே, அதே குரல். சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவள் ஜன்னலில் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் பார்வை, இந்த முறை பயப்படாதே, ஒன்றும் ஆகாது என்று என்னைத் தேற்றுகிற மாதிரி இருந்தது.

"இந்தக் கேள்வியெல்லாம் சங்கடமா இருந்துச்சாக்கா?" என்று அந்தப் பெண் கடைசியாகக் கேட்டாள். இல்லை என்று மதினி தலையை ஆட்டினாள். வேறு ஏதாவது சொல்லணுமா? அதற்கும் தலையை ஆட்டினாள். போன் நம்பர் இருந்தால் கொடுங்கள், மேலிடத்திலிருந்து சரிபார்க்கக் கூப்பிடுவார்கள் என்றாள் அவள். "எனக்குப் போன் கிடையாது" என்றாள் மதினி. அந்தப் பெண் எதையோ அமுக்கிவிட்டு, நன்றி சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனாள். மதினி ரேஷன் கார்டைத் திரும்பக் கவருக்குள் வைத்தாள். கார்டு சிறியது, கவருக்குள் ஆடியது. அவள் ஓரத்தில் விரலை விட்டு, நாலாக மடித்துப் பழுத்துப்போயிருந்த அந்தக் காலண்டர் தாளைச் சரியாக நகர்த்தி வைத்து ரப்பர் பேண்டைப் போட்டாள். ஒருமுறை குலுக்கிப் பார்த்தாள். ஆடவில்லை.